தெர்மோஸ்டாட் வயரிங்: அந்த 24 வோல்ட் எங்கே நின்றுபோகிறது?

2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு, அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கான ஆதரவை கூகுள் நிறுத்திக்கொண்டது. 2011-லும் 2012-லும் சந்தைக்கு வந்த அந்த வட்டக் கருவிகள் சுவரில் இன்னும் வேலை செய்யும். கையால் திருகி வெப்பத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கைப்பேசியிலிருந்து இயக்க மட்டும் முடியாது. குளிர் எட்டிப் பார்க்கும் மாதத்தில் வந்த இந்தக் கெடு, அமெரிக்காவிலும் கனடாவிலும் புதுக் கருவி வாங்கி மாட்டும் யோசனையைப் பல வீடுகளில் கிளப்பிவிட்டது.

பழையதைக் கழற்றினால் சுவரின் ஓட்டையிலிருந்து நாலைந்து வண்ண வயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் புதுக் கருவியில் செருகிவிட்டு மின்சாரத்தைப் போட்டால் திரை இருட்டு. அல்லது திரை ஒளிர்கிறது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அசையவில்லை. இரண்டும் இல்லையென்றால் மூன்றாவது வகை: நாலு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, மைனஸ் 20 டிகிரி இரவில் கருவி அணைந்துபோகும்.

இத்தனை வயர்கள் இருப்பதால்தான் குழப்பம் என்று தோன்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நிலவறையில் இருக்கும் ஃபர்னஸிலிருந்து கிளம்பும் 24 வோல்ட் சுவர் வரை வந்து, திரும்பிப் போய்ச் சேர்கிறதா? சேரவில்லை என்றால் வழியில் எங்கே நிற்கிறது?

## முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எது?

இங்கே விளக்கப்போவது வட அமெரிக்காவில் பரவலாக உள்ள ஒரு முறையை: எரிவாயுவில் எரியும் ஃபர்னஸ், அதிலிருந்து குழாய் வழியே அறைகளுக்கு வரும் சூடான காற்று, இதையெல்லாம் கட்டுப்படுத்தும் 24 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கனடாவின் டொரண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் தமிழர்கள் குடியிருக்கும் தனி வீடுகளில் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் தடித்த வயர்கள் தெரிந்தால், அவற்றின் முனைகள் பிளாஸ்டிக் தொப்பியால் முறுக்கி மூடப்பட்டிருந்தால், கருவியின் முதுகில் 120 அல்லது 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், கையை எடுத்துவிடுங்கள். கியூபெக்கில் சுவரின் அடியோரமாக நீளவாக்கில் பொருத்தும் மின்சார ஹீட்டர்கள் மிகச் சாதாரணம். அவை இந்த வகை. 24 வோல்ட் கருவியை அதில் மாட்டினால் கருவி கருகும், தீப்பிடிக்கவும் கூடும். பிரிட்டனிலும் பாய்லரை இயக்கும் அறைத் தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றில் 230 வோல்ட் ஓடுகிறது. அமெரிக்கர் ஒருவர் வீடியோவில் வெறும் விரலால் வயரைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு லண்டனில் ஒருவர் அப்படியே செய்தால் உயிரே போகலாம்.

24 வோல்ட் வயர் மெல்லியது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அதுதான் உங்கள் சுவரில் இருக்கிறது என்றால் மேலே படிக்கலாம்.

## சுவரில் இருப்பது வெறும் சுவிட்ச்

1883-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அறை குளிர்ந்தால் அந்தக் கருவி கீழே கொதிகலன் அறையில் ஒரு மணியை அடிக்கும். மணி கேட்டு, அங்கிருக்கும் பணியாளர் வெப்பத்தைக் கூட்டிவிடுவார்.

மணிக்குப் பதில் மின்னணுப் போர்டு வந்துவிட்டது. மற்றபடி இன்றைக்கும் நடப்பது இதேதான். தெர்மோஸ்டாட் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, காற்றை ஊதுவதில்லை, எரிவாயுவைத் திறப்பதில்லை. ‘வெப்பம் வேண்டும்’ என்று கீழே சொல்லி அனுப்பும். அவ்வளவுதான்.

அந்தச் செய்தி போகும் பாதை இப்படி. ஃபர்னஸுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வீட்டு மின்சாரமான 120 வோல்ட்டை அது 24 வோல்ட்டாக இறக்குகிறது. அதன் திறன் பெரும்பாலும் 40 வோல்ட்-ஆம்பியர். அதாவது ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல்தான் அதனால் தர முடியும். அதன் ஒரு முனை ‘ஆர்’, மறு முனை ‘சி’. ‘ஆர்’ வயர் மேலே தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் ‘ஆர்’ வயரை ‘டபிள்யூ’ வயரோடு இணைக்கிறது. 24 வோல்ட் ‘டபிள்யூ’ வழியாகக் கீழே இறங்கி, ஃபர்னஸ் போர்டைத் தட்டி எழுப்பி, ‘சி’ முனையில் போய் முடிகிறது. சுற்று முழுமையானால் ஃபர்னஸ் ஓடும். எங்காவது அறுந்தால் ஓடாது.

## எழுத்துகள் சொல்வது

தெர்மோஸ்டாட்டைத் தாங்கிச் சுவரோடு ஒட்டி நிற்கும் அடித்தட்டில் ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். சாதாரண வீட்டுக்கு ஐந்து போதும்:

1. ஆர்: 24 வோல்ட் வரும் வயர். சில கருவிகளில் இது ‘ஆர்எச்’ (வெப்பத்துக்கு), ‘ஆர்சி’ (குளிர்ச்சிக்கு) என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வீட்டில் இந்த இரண்டையும் ஒரு சின்னக் கம்பித்துண்டு இணைக்கும். அதற்கு ஜம்பர் என்று பெயர்.
2. டபிள்யூ: வெப்பம் கேட்கும் வயர்.
3. ஒய்: ஏசி கேட்கும் வயர். இது ஃபர்னஸ் வழியாக வெளியே நிற்கும் யூனிட்டுக்குப் போகும்.
4. ஜி: ஃபேனை மட்டும் கேட்கும் வயர்.
5. சி: திரும்பும் பாதை. எதையும் கேட்காது, ஆனால் தகராறில் பாதி இதனால்தான்.

வழக்கமாக ‘ஆர்’ சிவப்பு, ‘டபிள்யூ’ வெள்ளை, ‘ஒய்’ மஞ்சள், ‘ஜி’ பச்சை, ‘சி’ நீலம். வழக்கம்தான், கட்டாயம் இல்லை. இருபது வருடத்துக்கு முன் வேலை செய்தவரிடம் அன்றைக்கு நீலம் தீர்ந்திருந்தால் கறுப்பைச் செருகியிருப்பார். எனவே பழைய கருவியைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் எந்த எழுத்தில் இருந்தது என்பதுதான் கணக்கு. அப்புறம் ஃபர்னஸ் போர்டையும் படம் எடுங்கள். மேலே ‘சி’ என்ற இடத்தில் நீல வயர் இருக்கலாம். கீழே அதே நீல வயர் எதிலும் சேராமல் சுருட்டிவிடப்பட்டிருக்கலாம். இரண்டு முனையும் ஒரே எழுத்தில் இருந்தால்தான் அது வயர்.

## ‘சி’ வயர் ஏன் பல வீடுகளில் இல்லை?

ஹனிவெல் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த ‘ரவுண்ட்’ தெர்மோஸ்டாட்டை அமெரிக்கப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சுருள், அதன் நுனியில் பாதரசம் அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பி. குளிர்ந்தால் சுருள் முறுக்கிக்கொள்ளும், குப்பி சாயும், பாதரசம் உருண்டு போய் இரண்டு கம்பிகளை இணைக்கும். திரை கிடையாது, கடிகாரம் கிடையாது, தனக்கென்று மின்சாரமே தேவையில்லை. எனவே ‘ஆர்’, ‘டபிள்யூ’ என்ற இரண்டு வயரை மட்டும் சுவருக்குள் இழுத்துவிட்டுப் போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (பாதரசம் இருப்பதால் அந்தப் பழைய கருவியைச் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுக்க வேண்டும்.)

வைஃபையும் வண்ணத் திரையும் உள்ள கருவிக்கு நாள் முழுக்க மின்சாரம் வேண்டும். ‘ஆர்’ வழியாக வருகிறது, சரி. திரும்பிப் போக வழி? ‘சி’ இருந்தால் அதன் வழியாகப் போகும். இல்லையென்றால் கருவி ஒரு திருட்டு வேலை செய்கிறது. ‘டபிள்யூ’ அல்லது ‘ஒய்’ வயர் வழியாக, ஃபர்னஸ் விழித்துக்கொள்ளாத அளவுக்கு மெல்லிய மின்னோட்டத்தைக் கசியவிட்டு, உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. தொழில்நுட்ப உலகிலும் இதற்கு ‘மின்சாரத் திருட்டு’ என்றுதான் பெயர்.

பல வீடுகளில் இது சத்தமில்லாமல் நடந்துவிடும். மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு.

முதலாவது, ஃபர்னஸ் போர்டு நுட்பமானதாக இருந்தால் அந்தக் கசிவையே ‘வெப்பம் வேண்டும்’ என்ற செய்தியாக எடுத்துக்கொள்ளும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் குட்டி சுவிட்ச்) டக்டக்கென்று அடிக்கும், கேட்காமலே ஃபர்னஸ் கிளம்பும், கிளம்பிய வேகத்தில் நிற்கும்.

இரண்டாவது சுவாரசியமானது. இரண்டே வயர் உள்ள வீட்டில், வெப்பம் கேட்கும் நேரத்தில் ‘ஆர்’, ‘டபிள்யூ’ இரண்டும் இணைந்துவிடுகின்றன. இணைந்த இரண்டு வயர்களுக்கு இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் இல்லை. திருடுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆக, ஃபர்னஸ் ஓடும் நேரமெல்லாம் கருவி பெரும்பாலும் பேட்டரியைத் தின்கிறது, ஃபர்னஸ் ஓய்வெடுக்கும்போதுதான் நிரப்பிக்கொள்கிறது. மிதமான குளிரில் கணக்கு சரியாகிவிடும். கடுங்குளிரில் ஃபர்னஸ் நிற்காமல் ஓடும். பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். எந்த இரவில் வெப்பம் மிக அவசியமோ அந்த இரவில் கருவி கண்ணை மூடுகிறது. கருவி பழுது என்று அதைத் திருப்பிக் கொடுத்து, அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வருவதால் ஒன்றும் மாறாது.

## கை வைப்பதற்கு முன்

1. ஃபர்னஸுக்கான பிரேக்கரை அணையுங்கள். ஃபர்னஸின் பக்கத்தில் விளக்கு சுவிட்ச் போல ஒன்று இருந்தால் அதையும். 24 வோல்ட் உங்களைக் கொல்லாது. ஆனால் உயிருள்ள ‘ஆர்’ வயர் ‘சி’ மீது ஒரு நொடி பட்டாலே போர்டில் உள்ள ஃப்யூஸ் போய்விடும்.
2. ஃபர்னஸைத் திறந்து பார்த்திருந்தால், கதவை ஒழுங்காக மூடினீர்களா என்று பாருங்கள். கதவு உட்காரும் இடத்தில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கதவு அரை அங்குலம் விலகினாலும் எல்லாம் செத்துக் கிடக்கும். இதற்காக டெக்னீஷியனுக்கு வருகைக் கட்டணம் கட்டுவது வீண்.
3. எரிவாயு வாடை அடித்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலோ, வயரிங் பேச்சே வேண்டாம். எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து அவசர எண்ணை அழையுங்கள்.

## பாதியாக வெட்டிப் பார்ப்பது

பழுது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: சுவரில் உள்ள கருவி, சுவருக்குள் ஓடும் கேபிள், கீழே உள்ள ஃபர்னஸ். எது என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது. தெரிந்துகொள்ள ஒரு சாண் வயர் போதும்.

1. பிரேக்கரை அணைத்து, தெர்மோஸ்டாட்டை அடித்தட்டிலிருந்து இழுத்து எடுங்கள்.
2. ‘ஆர்’ வயரையும் ‘டபிள்யூ’ வயரையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இந்த இரண்டு மட்டும். ‘சி’ பக்கமே போகக் கூடாது.
3. மின்சாரத்தைப் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஃபர்னஸ் உடனே எரியாது. முதலில் ஒரு சின்ன விசிறியின் முனகல்தான் கேட்கும்.
4. ஃபர்னஸ் எரிந்தால், கேபிளும் ஃபர்னஸும் நலம். குற்றவாளி சுவரில் இருந்த கருவி, அல்லது அதன் அமைப்பில் (செட்டிங்ஸில்) நீங்கள் கொடுத்த விடைகள்.
5. எரியவில்லை என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கீழே போங்கள். போர்டில் ‘ஆர்’, ‘டபிள்யூ’ திருகுகளில் இருக்கும் கேபிள் வயர்களைக் கழற்றி, அந்த இரண்டு திருகுகளையும் நேரடியாக இணைத்து, கதவை மூடி, மறுபடி மின்சாரத்தைப் போடுங்கள். இப்போது எரிந்தால் இடையில் உள்ள கேபிள் அறுந்திருக்கிறது. இன்னமும் எரியாவிட்டால் தெர்மோஸ்டாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சோதனை முடிந்ததும் துண்டு வயரை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டின் வெப்பத்தைக் கவனிக்க ஆளே இல்லாமல் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஹீட் பம்ப் (குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் இயந்திரம்) உள்ள வீட்டில் இந்தச் சோதனையின் முடிவை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அங்கே ‘டபிள்யூ’ பெரும்பாலும் துணை வெப்பத்தை மட்டும் கேட்கும்.

நாலாம் படியில் ‘அமைப்பு’ என்றேன். அதில் அதிகம் நடக்கும் தவறு ‘ஆர்எச்’, ‘ஆர்சி’ விவகாரம். பழைய கருவியில் ஒற்றை சிவப்பு வயர் ‘ஆர்சி’யில் இருந்து, ஜம்பர் வழியாக ‘ஆர்எச்’சுக்கும் போயிருக்கும். புதியதில் ஜம்பர் இல்லாவிட்டால் ஏசி ஓடும், வெப்பம் வராது. சிவப்பைச் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது ஜம்பர் போட வேண்டும். எந்த இடம் என்று கருவியோடு வரும் வரைபடம் சொல்லும்.

## மீட்டர் காட்டும் எண்ணைப் படிப்பது

மலிவான மல்டிமீட்டர் போதும். மாறுதிசை வோல்ட் அளவில் வையுங்கள். நேர்திசையில் வைத்துவிட்டு ‘சைபர் காட்டுகிறது’ என்று பதறுவது அடிக்கடி நடக்கிறது. போர்டில் அளக்கும்போது கதவு திறந்திருப்பதால், முன்பு சொன்ன பாதுகாப்பு சுவிட்ச் அழுந்தியிருந்தால்தான் மின்சாரம் வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

‘ஆர்’ – ‘சி’. ஃபர்னஸ் போர்டில் 24 முதல் 28 வரை காட்டினால் நல்லது. சைபர் என்றால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் இரண்டு வயர்களையே நேராக அளந்து பாருங்கள். அங்கே 24 இருந்து, ‘ஆர்’ – ‘சி’யில் இல்லையென்றால் இடையில் உள்ள ஃப்யூஸ் போயிருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் கதவு சுவிட்ச், பிரேக்கர், கடைசியாக டிரான்ஸ்ஃபார்மர். கீழே 24 இருந்து மேலே சுவரில் சைபர் காட்டினால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது அந்தச் சுருட்டிவிட்ட நீல வயர். ஏசியிலிருந்தோ ஃபர்னஸிலிருந்தோ நீர் வடியும் இடத்தில் மிதவை சுவிட்ச் வைத்திருக்கும் வீடுகளில், வடிகால் அடைத்து நீர் ஏறினால் அந்தச் சுவிட்ச் ‘ஆர்’ வயரையே துண்டித்துவிடுவதும் உண்டு.

‘டபிள்யூ’ – ‘சி’. வெப்பம் கேட்கும்போது போர்டில் 24 இருக்க வேண்டும். இருந்தும் ஃபர்னஸ் எரியவில்லை என்றால் தெர்மோஸ்டாட் தன் வேலையை முடித்துவிட்டது. 24 என்று தொடங்கி, ஃபர்னஸ் கிளம்ப முயலும்போது 20-க்குக் கீழே சரிந்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது டிரான்ஸ்ஃபார்மர் தளர்ந்துவிட்டது.

‘ஆர்’ – ‘டபிள்யூ’. ஆட்களை அதிகம் குழப்புவது இதுதான். தெர்மோஸ்டாட் சும்மா இருக்கும்போது இங்கே 24 காட்டும். வெப்பம் கேட்டதும் சைபர் ஆகிவிடும்! தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். மீட்டர் காட்டுவது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. சுவிட்ச் திறந்திருக்கும்போது ‘டபிள்யூ’ வயர், போர்டின் உட்பகுதி வழியாக ‘சி’யோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே ‘ஆர்’ரிலிருந்து பார்த்தால் 24 வித்தியாசம். சுவிட்ச் மூடியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, வித்தியாசம் சைபர்.

‘சி’ வயர் இல்லாத வீட்டில் இந்த அளவு மிகவும் பயன்படும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய நிலையில் சுவரில் ‘ஆர்’ – ‘டபிள்யூ’ 24 காட்டினால், டிரான்ஸ்ஃபார்மர், ஃப்யூஸ், ‘ஆர்’ வயர், ‘டபிள்யூ’ வயர், போர்டின் உள்பாதை என அத்தனையும் தொடர்ச்சியாக இருக்கிறது என்று அந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. எதிலும் சேராமல் தொங்கும் வயரில் டிஜிட்டல் மீட்டர் 8, 12 என்று ஏதாவது காட்டும். பக்கத்து வயரின் நிழல்தான் அது. நம்பி அலையாதீர்கள்.

## ஃப்யூஸ் போனால், திரும்பத் திரும்பப் போனால்

‘நேற்று வரை நன்றாக ஓடியது, புதுத் தெர்மோஸ்டாட் மாட்டிய பிறகு எல்லாமே செத்துவிட்டது’ என்றால், முதலில் பார்க்க வேண்டியது போர்டில் உள்ள ஃப்யூஸ். பிரேக்கரை அணைக்காமல் மாட்டியபோது ‘ஆர்’ எங்கோ உரசியிருக்கும். கார்களில் பயன்படும் அதே பிளாஸ்டிக் தகடு ஃப்யூஸ்தான் இது: 3 ஆம்பியர் ஊதா, 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு. கார் உதிரிபாகக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். என்ன அளவு இருந்ததோ அதே அளவு. ‘5 தானே, 10 போட்டால் என்ன’ என்றால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர்.

புது ஃப்யூஸும் போனால் எங்கோ ‘ஆர்’, ‘சி’யோடு ஷார்ட் ஆகிறது. எப்போது போகிறது என்பதே துப்பு.

1. மின்சாரம் போட்ட உடனே போனால், ‘ஆர்’ வயரே ‘சி’யைத் தொடுகிறது.
2. வெப்பம் கேட்கும்போது மட்டும் போனால், ‘டபிள்யூ’ வயர் அல்லது அதற்குப் பின்னால் உள்ள பாகம்.
3. ஏசி கேட்கும்போது போனால், வெளியே போகும் ‘ஒய்’ கேபிள். வெயிலில் வெந்து உறை உதிர்ந்திருக்கும், புல்வெட்டி சீவியிருக்கும், அணில் கடித்திருக்கும்.

துப்பு போதவில்லை என்றால் போர்டில் உள்ள தெர்மோஸ்டாட் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வரலாம். ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை அணைத்துத்தான். நாலைந்து ஃப்யூஸ் கையிருப்பு வேண்டும். சுவருக்குள் என்றால், கேபிளைச் சுவரின் மரக்கட்டைகளோடு பொருத்த அடித்த ஆணி, படம் மாட்ட இறக்கிய திருகு, எலி என்று சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியல் நீளமில்லை.

## நிற்காமல் ஓடும் ஃபர்னஸ்

இது எதிர்ப்பக்கத் தகராறு: 24 வோல்ட் கூப்பிடாமலே போய்ச் சேர்கிறது. தெர்மோஸ்டாட்டை அடித்தட்டிலிருந்து எடுங்கள். நின்றுவிட்டால் கருவிக்குள் இருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. எடுத்த பிறகும் ஓடினால் போர்டில் ‘டபிள்யூ’ வயரைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் சுவருக்குள் ‘ஆர்’, ‘டபிள்யூ’ இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. அதற்கும் நிற்கவில்லை என்றால் போர்டு.

## ஹீட் பம்ப்: ‘பி’ என்ற பொறி

ஹீட் பம்ப்பில் ‘ஓ’ அல்லது ‘பி’ என்று கூடுதலாக ஒரு வயர் வரும். ஒரே இயந்திரம் குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்வதால், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று திருப்பிவிடும் வால்வுக்கான வயர் அது. பெரும்பாலான தயாரிப்புகளில் குளிர்ச்சியின்போது அந்த வால்வுக்கு மின்சாரம் போகும்; ரீம், ரூட் போன்றவற்றில் வெப்பத்தின்போது. கருவியின் அமைப்பில் இதை மாற்றிக் கொடுத்தால் வெப்பம் கேட்கும்போது குளிர்காற்று வரும். அமைப்பில் ஒரு தட்டலில் சரியாகிவிடும், வயரைத் தொடவே வேண்டாம்.

மோசமான பொறி வேறு. டிரேன் நிறுவனத்தின் பழைய கருவிகள் சிலவற்றில் ‘பி’ என்று எழுதியிருப்பதே திரும்பும் பாதை, அதாவது ‘சி’. அதை எழுத்துப் பொருத்தம் பார்த்துப் புதுக் கருவியின் ‘ஓ/பி’யில் செருகினால், கருவி ‘ஆர்’ரைக் கொண்டுபோய் நேராகத் திரும்பும் பாதையில் இணைக்கிறது. ஷார்ட். பழைய கருவியில் ‘ஓ’, ‘பி’ இரண்டு இடத்திலும் தனித்தனி வயர் இருந்தால், கீழே போய்ப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

## ‘சி’ இல்லாத வீட்டில் என்ன செய்யலாம்?

1. சுவர் ஓட்டைக்குள் கேபிளை இரண்டு அங்குலம் வெளியே இழுத்துப் பாருங்கள். பயன்படாத வயர் ஒன்று உறைக்குள் சுருண்டு கிடந்தால் அதிர்ஷ்டம். இரண்டு முனையிலும் ‘சி’யில் மாட்டினால் வேலை முடிந்தது.
2. சில தயாரிப்பாளர்கள் ஃபர்னஸ் போர்டில் பொருத்தும் ஓர் இணைப்பைத் தருகிறார்கள். எகோபீ என்ற தெர்மோஸ்டாட் நிறுவனத்தின் பவர் எக்ஸ்டெண்டர் கிட் அப்படிப்பட்டது. நாலு வயர் உள்ள வீட்டில், ஐந்து வயர் செய்யும் வேலையை அது செய்துவிடும்.
3. ‘ஜி’ வயரை இரண்டு முனையிலும் ‘சி’க்கு மாற்றலாம். ஃபேனை மட்டும் தனியாக ஓட்டும் வசதி போய்விடும். ஏசி இருந்தால், கீழே போர்டில் ‘ஒய்’யையும் ‘ஜி’யையும் ஜம்பரால் இணைக்க வேண்டும், இல்லையென்றால் ஏசி ஓடும், காற்று வராது.
4. எட்டு வயர் உள்ள புதுக் கேபிள் இழுப்பதுதான் உருப்படியான வழி. பழைய கேபிளின் நுனியில் கட்டி இழுத்துவிடலாம் என்று நினைப்போம். கட்டைகளில் ஆணியடித்திருப்பதால் பெரும்பாலும் வராது. மேல்மாடி என்றால் செலவு பிடிக்கும்.
5. இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் சாதாரணக் கருவி. கைப்பேசியில் தெரியாது, பேசாது. வெப்பத்தை மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்ளும். இரண்டே வயர் உள்ள வீட்டில், சுவரை உடைக்க மனமில்லை என்றால், மின்சாரம் திருடும் விலையுயர்ந்த கருவியைவிட இதுவே நம்பகமானது என்பது என் கணிப்பு.

சுவர் பிளக்கில் செருகும் தனி 24 வோல்ட் அடாப்டரும் கடைகளில் உண்டு. ஆனால் அப்போது வீட்டில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் ஆகிவிடுகின்றன. ‘ஆர்எச்’ – ‘ஆர்சி’ ஜம்பரை எடுக்காமல் இரண்டையும் கலந்துவிட்டால் புதிய தகராறு ஆரம்பமாகும். தயாரிப்பாளரின் வரைபடம் கையில் இல்லாமல் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

## எந்த இடத்தில் நிறுத்துவது

போர்டில் ‘டபிள்யூ’ – ‘சி’ 24 காட்டுகிறது, ஆனாலும் வெப்பம் இல்லை. இந்த இடத்தோடு தெர்மோஸ்டாட் வயரிங் முடிகிறது. இதற்குப் பின் ஃபர்னஸுக்குள் நடப்பது ஒரு வரிசை: புகையை வெளியேற்றும் விசிறி சுழலும், காற்றழுத்த சுவிட்ச் அதை உறுதி செய்யும், பற்றவைப்பான் சிவக்கும், எரிவாயு வால்வு திறக்கும், சுடரைக் கண்டதாக உணரி சொல்லும், கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய விசிறி ஊதும். இதில் எந்தப் படி தவறினாலும் போர்டு நிறுத்திவிடும்.

எந்தப் படியில் நின்றது என்பதைப் போர்டில் உள்ள சின்ன விளக்கு கண்சிமிட்டிச் சொல்லும். எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, ஃபர்னஸ் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கதவைத் திறந்தால் மின்சாரம் போய்விடும், குறியீடும் அழிந்துவிடலாம் என்பதால், கதவில் உள்ள கண்ணாடித் துளை வழியாகவே முதலில் எண்ணிக்கொள்வது நல்லது. காற்று வடிகட்டியை மாற்றிப் பார்ப்பது, வெளியே புகைக்குழாயின் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது வரை வீட்டுக்காரர் வேலை. எரிவாயு வால்வு, பர்னர் பக்கம் என்றால் உரிமம் உள்ளவர்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிஎஸ்எஸ்ஏ (தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) சான்றிதழ் இல்லாதவர் அதில் கை வைக்கக் கூடாது.

அவரை அழைக்கும்போது, ‘வெப்பம் வரவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், ‘போர்டில் டபிள்யூ–சி 24 இருக்கிறது, விளக்கு மூன்று தடவை சிமிட்டுகிறது’ என்று சொல்லுங்கள். எந்த உதிரிபாகத்தை வண்டியில் எடுத்து வர வேண்டும் என்று அவருக்கு அப்போதே ஒரு யோசனை வந்துவிடும்.